யேசுதாஸ் பேருக்கு நான் நீட்டிய கை

8 மார்ச் 1998, ஞாயிறு

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் சமுதாயக் கூடத்துக்கு யூனிவர்சிட்டி கோஷ்டி மறுபடியும் பெங்களூரிலிருந்து வந்தது. மாதம் ஒரு ஞாயிறு வருகிறார்கள். உப்பைக் குறைத்தால் பிரஷர் இறங்குமா, குறைக்கச் சொன்னால் மனுஷன் கேட்பானா – இதுதான் ஆராய்ச்சி. "ரெண்டாவதை என்னைக் கேட்டிருந்தா அவங்களுக்கு பெட்ரோல் மிச்சம்" என்கிறாள் சரஸ்வதி. கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னைப் பற்றி அவளுக்கு இருக்கும் அபிப்பிராயம் அவ்வளவுதான்.

யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானாகத்தான் பேர் கொடுத்தேன். பத்தாவதோடு நின்றுபோனவனை யூனிவர்சிட்டி தேடி வந்து கேள்வி கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது? தனியாகப் போகப் பிடிக்காமல் யேசுதாஸையும் இழுத்துக்கொண்டு போனேன். ஃபேக்டரியில் சேர்ந்த காலத்திலிருந்து அவன் லேத்தும் என் லேத்தும் பக்கத்துப் பக்கத்தில். அவன் லீவு போட்டால் எனக்கு டீ இறங்காது.

எனக்கு நார்மல். அவனுக்கு ஏறிக் கிடக்கிறது. எங்களைப் பார்த்துக்கொள்கிற பெண் நேத்ரா, கன்னடத்துப் பெண், அந்த யூனிவர்சிட்டியிலேயே படிக்கிறாளாம். கையில் பட்டை கட்டிய பிறகும் நாங்கள் வாயை மூடுவதில்லை. "ஸ்வல்ப சும்னிரி அங்கிள்" என்று கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லி அதட்டுகிறாள். யேசுதாஸை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி மாத்திரையும் எழுத வைத்துவிட்டாள். "உனக்குத் தொணைக்கு வந்தேன்டா, எனக்கு மாத்திரை குடுத்து அனுப்பறாங்க" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தான்.

12 ஏப்ரல்

ஈஸ்டர். யேசுதாஸ் கோயிலுக்குப் போய்விட்டான், செக்கப்புக்கு வரவில்லை. இன்னொரு தடவை வராவிட்டால் ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுத்துவிடுவார்களாம். மத்தியானம் அவன் வீட்டில்தான் பிரியாணி. அவன் மனைவி ஜெயமேரி அவனுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்தாள். அப்போது அவன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

10 மே

அவனுக்கு இறங்கவே இல்லை. நேத்ரா இன்றைக்குச் சிரிக்கவில்லை. "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா நானே பெங்களூர் கூட்டிட்டுப் போய் எங்க பெரிய டாக்டர்கிட்ட காட்டுவேன் அங்கிள். தப்பிக்க முடியாது" என்றாள்.

வெளியே வந்ததும் அவன், "எனக்கு ஒண்ணுமே இல்லடா. இந்தப் பொண்ணு எதுக்கு இப்டி பயப்படுது?" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

14 ஜூன்

இன்றைக்கு ஒரு திருட்டு வேலை.

யேசுதாஸ் விடிவதற்குள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு பேத்தமங்களா ஏரிக்குப் போய்விட்டான். செக்கப்புக்குள் வந்துவிடுவதாகச் சொன்னான். மீன் கடித்தால் அவனுக்கு உலகம் மறந்துபோகும் என்று எனக்குத் தெரியாதா? நேத்ராவுக்குப் பரீட்சையாம், வரவில்லை. யாரோ புதுப் பையன்கள் இரண்டு மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மேஜையில் என் கையைக் காட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். இன்னொரு மேஜையில் "யேசுதாஸ்... யேசுதாஸ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பேரை எடுத்துவிட்டால்? எழுந்து போய் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டேன். நார்மல்.

ஃபேக்டரியில் லேட்டாக வருகிறவனுடைய வருகைக் கார்டை முன்னால் வந்தவன் பஞ்ச் பண்ணிவிடுவது எங்களுக்குள் வழக்கம்தான். அவன் எனக்குச் செய்திருக்கிறான், நான் அவனுக்குச் செய்திருக்கிறேன். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததே இல்லை. பண்ணாமல் விட்டவனைத்தான் லேத் ஷாப்பில் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

சாயங்காலம் போய்ச் சொன்னேன். கையில் கெளுத்தி மீனோடு விழுந்து விழுந்து சிரித்தான். "என் ஒடம்புக்கே கார்டு பஞ்ச் பண்ணிட்டியாடா!"

24 ஜூன்

நேத்ரா வீடு வீடாக வந்து சமையல் விவரம் கேட்டுக்கொண்டு போனாள். ஜெயமேரி சந்தோஷம் தாங்காமல் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாள். "அவருக்கு எறங்கிடுச்சாம்ணா! நார்மலாம். பெங்களூருக்குப் போக வேணாம்னுடுச்சு அந்தப் பொண்ணு. மாத்திரைய மட்டும் வுடாதீங்கன்னுச்சு. ஜுரம் எறங்கினா மாத்திரைய நிறுத்தறதில்லயா? இன்னாத்துக்குச் சும்மா முழுங்கணும்?"

சரஸ்வதி காபி கொடுத்தாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். அவன் சொல்லிக்கொள்வான். புருஷன் பெண்டாட்டி சமாசாரம், நடுவில் நான் எதற்கு?

25 ஜூன்

ஷாப்பில் யேசுதாஸைக் கேட்டேன். ஜெயமேரியிடம் இன்னும் சொல்லவில்லையாம். "கருவாட்டுக் கொழம்பு வெச்சிருக்காடா, எத்தினி மாசம் ஆச்சு! இன்னிக்குப் போய் யாராவது சொல்வாங்களா? அடுத்த மாச செக்கப்புல நெஜமாவே கை நீட்டறேன், போ."

எனக்கும் ஒரு டப்பா குழம்பு கொண்டு வந்திருந்தான். சாப்பிட்டேன்.

9 ஜூலை

யேசுதாஸ் லேத்துக்கு முன்னால் விழுந்துவிட்டான். வலது கை, வலது கால் வரவில்லை. வாய் கோணிவிட்டது. பேச்சில்லை. நான்தான் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸில் பெங்களூருக்குக் கொண்டு போகிறார்கள்.

போன மாதம் போயிருக்க வேண்டிய பெங்களூர்.

10 ஜூலை

இன்னா பண்ணிட்டேன் நான். இன்னா பண்ணிட்டேன்.

2 ஆகஸ்ட்

வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டிலில் கிடக்கிறான். நாம் பேசுவது எல்லாம் புரிகிறது, அவனுக்குத்தான் வார்த்தை வரவில்லை. ஜெயமேரி கஞ்சியை ஊட்டிக்கொண்டே அழுகிறாள். "மாத்திரைய நிறுத்தினது நான்தாண்ணா. கருவாடு ஆக்கிப் போட்டது நான்தான். நார்மல்னு ஒரு வார்த்த கேட்டதும் நான்தானே ஆடினேன். என் கையாலயே அவரைப் படுக்க வெச்சுட்டேன்." அவள் பாதியாகிவிட்டாள். சரஸ்வதி எடுத்துப்போன சாப்பாட்டைத் தொடவில்லை.

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவனும் மாட்டுவான். மாத்திரை நின்றதும் தெரிந்து, பொய் நார்மல் என்பதும் தெரிந்து, கருவாட்டுக்காகச் சும்மா இருந்தவன் என்று ஆகிவிடும். இந்த நிலையில் கிடப்பவனை அவளிடம் காட்டிக்கொடுக்கவா? சொல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள். வெறுமனே எழுந்து வந்துவிட்டேன். கோழை.

9 ஆகஸ்ட்

நேத்ராவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "நான் அன்னைக்கு வந்திருந்தா அவர் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்" என்று அழுகிறாள். ஆளாளுக்குத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், செய்தவன் நான் குத்துக்கல்லாட்டம் எதிரே நிற்கிறேன். எங்கள் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

சரஸ்வதியிடமும் சொன்னேன். "சொல்ல வேண்டிய வீட்டை வுட்டுட்டு ஊரெல்லாம் சொல்லிட்டு வர்றீங்களே" என்றாள்.

10 ஆகஸ்ட்

சொன்னேன். அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று, அவன் காது கேட்கச் சொன்னேன். அன்றைக்குக் கையை நீட்டியது நான், அந்த நார்மல் என்னுடையது, உன்மேல் ஒரு தப்பும் இல்லை மேரி என்றேன்.

அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

கட்டிலிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. நான் திரும்பவில்லை. "தெரியாது" என்றேன்.

"போங்கண்ணா. இனிமே இங்க வராதீங்க."

20 செப்டம்பர்

சரஸ்வதி மட்டும் போய் வருகிறாள். ஜெயமேரி இப்போது சாப்பிடுகிறாளாம். அழுவதில்லையாம். என் பேரை எடுத்தால் மட்டும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பேசுகிறாளாம். பேசட்டும். ஷாப்பில் பக்கத்து லேத்தில் புதுசாக ஒருத்தன். நல்ல பையன்தான். அவனோடு டீக்குப் போகப் பிடிக்கவில்லை.

22 நவம்பர்

ஜெயமேரி வந்தாள். நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"அவருக்குப் பேச்சு திரும்புதுண்ணா."

சரஸ்வதியைக் கூப்பிட்டேன். ஜெயமேரி என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு வாரமா ஒரே வார்த்ததான். தெரியும், தெரியும்ங்கறாரு. இன்னா தெரியும்னு கேட்டா இடது கையால உங்க வூட்டுப் பக்கம் காட்டறாரு. அப்புறம் தன் நெஞ்சத் தொட்டுக்கறாரு. நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது."

நான் அவன் வீட்டுப் பக்கம் பார்த்தேன்.

"அவருக்குத் தெரியாதுன்னு எதுக்குண்ணா பொய் சொன்னீங்க?" என்றாள். அப்புறம் அவளே, "உங்களைத் திட்டிக்கினேதான் அவருக்கு இத்தினி நாளா ஊட்டினேன். மலம் அள்ளினேன், குளிப்பாட்டினேன். கோவத்துல ஒரு தெம்பு இருந்துச்சு. இப்ப யாரைத் திட்டிக்கினு ஊட்டுவேன்?"

அவள் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள் சரஸ்வதி. ஜெயமேரி மெதுவாக விடுவித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாக நடந்தாள். அவனுக்குச் சாப்பாட்டு நேரம்.