மோதிரம் இருந்த எலுமிச்சம்பழம்

நேற்று மாலை கோலசிலாங்கூர் ஆற்றோர உணவகத்தில், பொரித்த மீன் தட்டோடு பாதி எலுமிச்சம்பழம் வந்து இறங்கியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கையில் சீட்டுக்கட்டு வழுக்கியது. நீ போன பிறகு தனியாகத்தான் மேசை மேசையாகப் போய் வித்தை காட்டுகிறேன்டா. மின்மினி பார்க்கப் படகு ஏறுமுன் சாப்பிட வரும் அதே கூட்டம். முன்பின் தெரியாதவர்கள் எதிரில் போய் நிற்க இன்னும் பயம்தான். "மொதல்ல கையக் காட்டு, அப்புறம் பல்லக் காட்டு" என்பாய். வெறுங்கையைப் பார்த்த பிறகுதான் சாப்பிடுகிறவன் நம்மை நம்புவானாம்.

இன்னொன்றும் சொல்லியிருந்தாய்: "நம்மாளுங்க மேசையில எலுமிச்சம்பழத்த மட்டும் எடுக்காத." எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. நாம் முதன்முதலில் வேலை கேட்டு வந்த அன்று, நாலு மேசை பார்த்துவிட்டுத்தான் நம்மை வைத்துக்கொள்வதா இல்லையா என்று சொல்வேன் என்றிருந்தார் உணவக முதலாளி தவுக்கே. மூன்று மேசை சப்பென்று போயிற்று. நாலாவதில் ஒரு தமிழ்த் தம்பதி. அந்த அக்காவின் கல்யாண மோதிரத்தை வாங்கி மறைத்தேன். பிறகு பதற்றத்தில், பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கத்தியை வைத்தேன். "மோதிரம் இதுக்குள்ளதான் இருக்கு."

அக்கா அலறிக்கொண்டு எழுந்தார். அவர் கணவர் என் சட்டையைப் பிடித்தார்.

"யாருடா ஒன்ன அனுப்புனது? நேத்துத்தான் கோயில்ல கழிப்பு கழிச்சிட்டு வந்தோம். இங்கயும் வந்து பழம் வெட்டுறியா?"

அக்காவின் மணிக்கட்டில் மந்திரித்த கறுப்புக் கயிறு கட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பழத்தைத் தொட ஒருவரும் தயாரில்லை, மோதிரமோ அதற்குள். தவுக்கே கல்லாவை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தார்.

நீ வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாய். "அண்ணே, கூட்டாளி புதுசு, விடுங்கலா." பழத்தை நீயே வெட்டி, மோதிரத்தைக் கழுவி அக்கா முன்னால் வைத்தாய். அதோடு விடவில்லை. அந்தச் சாற்றைக் குவளையில் பிழிந்து, தண்ணீரும் சீனியும் கலந்து ஒரே மூச்சில் குடித்தாய்.

"சூனியம்னா மொதல்ல எனக்குத்தான புடிக்கணும்?"

அண்ணனின் பிடி தளர்ந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் வெகுநேரம் உன்னையே பார்த்துவிட்டு மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். நமக்கு வேலையும் கிடைத்தது.

மூன்றே மாதம். பத்தாங் காலியில் உன் வீட்டில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழவில்லை. மாரடைப்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அதற்குப் பிறகு அந்தப் பழத்தை நான் கையால் தொடவில்லை. உன்மேல் கோபம்கூட வருகிறது. நான் செய்த தப்பு அது, நீ ஏன்டா குடித்தாய்?

நேற்று ஐந்தாவது மேசையில் அதே அக்காவும் அண்ணனும். திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் அக்கா கையசைத்துவிட்டார்.

"தம்பி, அன்னிக்கிப் பழத்தப் புழிஞ்சி குடிச்சாரே, ஒங்க கூட்டாளி, அவர் எங்க?"

உள்ளதைச் சொன்னால் என் பயத்தைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுவேன். அப்புறம் அந்த அக்காவுக்கு ஏது தூக்கம்? முதலில் கையைக் காட்டினேன். பிறகு கஷ்டப்பட்டுப் பல்லைக் காட்டினேன்.

"அவன் இன்னிக்கி வரலக்கா."

"வந்தா சொல்லுங்க. அன்னிக்கிப் போட்ட மோதிரத்த நான் இன்னும் கழட்டலன்னு."

அவர் மணிக்கட்டில் கயிறு இல்லை.

சொல்லிவிட்டேன்டா.