கோபம் என்று நினைத்த மௌனம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். இங்கே நாங்கள் நலம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் மறித்துப் பேசுவாய், கடிதத்தை மறிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். மண்டையோட்டில் துளை போட்டு, மூளைக்கு மேலே தேங்கியிருந்த ரத்தத்தைக் குழாய் வைத்து வடித்திருக்கிறார்கள். எப்படி வந்தது என்று கேட்டாயே. போன மாதம் நம் பைண்டிங் கடையில் காகிதக் கட்டை எடுக்கக் குனிந்தவர், நிமிரும்போது இரும்பு அலமாரியில் தலையை இடித்துக்கொண்டார். ரத்தம் இல்லை, வீக்கம்கூட இல்லை. "அலமாரிக்குத்தான் வலிச்சிருக்கும்" என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். இருதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், அப்படிப்பட்டவருக்குச் சின்ன இடியும் ஆபத்து என்று எங்களுக்கு யார் சொன்னார்கள். உள்ளே மெல்லக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதற்குள் ஒருநாள், நான் போட்ட புத்தகத் தையல் தொளதொள என்று இருக்கிறதென்று வாடிக்கையாளர் எதிரிலேயே அப்பா சொன்னார். பேச்சு நின்றது. எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், சண்டை என்றால் அவர் தாளை மடிப்பார், நான் தைப்பேன், வாய் திறக்க மாட்டோம். அவர் பேசவில்லை, கோபம் என்று நினைத்தேன். விடிந்த பிறகும் படுத்தே கிடந்தார், வீம்பு என்று நினைத்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், நடிப்பு என்று நினைத்தேன். இடது காலை இழுத்து நடந்தபோது உனக்குப் போன் செய்தேன், நீ "வயசாச்சும்மா, விடு" என்றாய். அதை நான் மறக்க மாட்டேன். மறுநாள் இடது கையிலிருந்து தாள் மொத்தமும் சரிந்தது, அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கீழ்வீட்டு டிரைவரைக் கூப்பிட்டு, அப்பாவை வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நான் முதலில் பேசியிருக்க வேண்டுமாம், உன் அத்தை சொல்கிறாள். குறை சொன்னது அவர், நான் எதற்குப் பேச வேண்டும்.

மறுபடியும் தேங்கலாம் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். தலைவலி கூடினாலும், வாந்தி எடுத்தாலும், பேச்சு குழறினாலும், எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலும் அந்த நிமிடமே கொண்டு வர வேண்டுமாம். நிறுத்திய இருதய மாத்திரையை டாக்டரம்மா சொல்லும்வரை தொடக்கூடாதாம். அன்றிலிருந்து இவர் கொட்டாவி விட்டாலே கைவேலையைப் போட்டுவிட்டுப் போய் முகத்தைப் பார்க்கிறேன். கண்ணயர்ந்தால் தட்டி எழுப்புகிறேன், "நிம்மதியா தூங்கவும் விடமாட்டியா" என்கிறார்.

கடைச் சாவியை ஒளித்துவிட்டேன் என்று இன்று காலையிலிருந்து மறுபடியும் பேச்சில்லை. கோபமா, உள்ளே கசிகிறதா, எப்படித் தெரியும் சொல். எதிரே போய் நின்று இரண்டு கையையும் நீட்டுங்க என்றேன். நீட்டினார், இரண்டும் சமமாக நின்றன. சிரிங்க என்றேன், முறைத்தார். முறைத்த முகம் கோணவில்லை. சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். முதலில் பேசப்போவது நான் இல்லை. ஆனால் மணிக்கொரு தரம் கையை நீட்டச் சொல்வேன், அது பேச்சில் சேராது.

பிள்ளை எங்காவது தலையை இடித்துக்கொண்டால் அன்றோடு மறந்துவிடாதே, பல நாள் கண்ணை அவன் மேலேயே வை. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் செய், நான் எடுக்க மாட்டேன், அப்பாதான் எடுப்பார். வார்த்தை குழறாமல் வருகிறதா என்று கேட்டு எனக்குச் சொல். முடிந்தால் என்னைப் பற்றி ஏதாவது குறை சொல்ல வை, அதை நிறுத்தாமல் சொன்னாரானால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா