மயில் வாந்திக்கு நான் கொடுத்த சான்று

அன்பு குறையாத எத்திராஜ் மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. இவ்வளவு நாள் எழுதாதவன் இப்போது எழுதுகிறேன் என்றால், வாயைக் கொப்பளித்தாலும் போகாத ஓர் அருவருப்புதான் காரணம். பாதி மற்றவர்கள் மீது, பாதி என் மீது. எது பெரிய பாதி என்று எனக்கே தெரியவில்லை. நம் குடியிருப்புச் சங்க மலரில் இதை அச்சிடச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதுவதை ஊரும் படிக்க வேண்டும்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், தாதுவைச் சோதிக்கும் நம் அஸே ஆபீஸுக்குப் பின்னால் நீ கசடு கொட்டிய மேடு நினைவிருக்கிறதா? தாதுப்பொடியோடு ஈயத்தூளும் வெங்காரமும் சேர்த்து நீ உருக்குவாய். தங்கம் ஈயத்தோடு அடியில் இறங்கும். மேலே நிற்கும் கசடு கண்ணாடியாக உறையும், பெரும்பாலும் கரும்பச்சையாக. வெளியூரிலிருந்து சோதனைக்கு வந்த தாதுவில் துளி கோபால்ட் இருந்தால் மட்டும் கண்ணைப் பறிக்கிற நீலம். அதற்கு நீ வைத்த பெயர் மயில் வாந்தி.

மயில் வாந்திக்கு இப்போது கோலார் நீலம் என்று பெயர், மச்சான். ஜம்பு என்ற புரோக்கர் ஒருவன் அந்த மேட்டைக் கடப்பாரையால் கிளறி, ஒரு துண்டைப் பட்டை தீட்டி, பெங்களூரில் ஒரு கடையைப் பிடித்துவிட்டான். பூமிக்கடியில் கோடி கோடி வருஷம் விளைந்த அபூர்வக் கல், சனி தோஷத்துக்குக் கைகண்டது என்று போனில் வீடியோ ஓடுகிறது. காலால் தள்ளிவிட்டுப் போன கழிவை விரலில் போட்டுக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

நீலக்கல் என்பது அலுமினாவின் படிகம். அதில் இரும்பும் டைட்டானியமும் இம்மியளவு கலந்தால் நீலம் வரும். ஆனால் பக்கத்தில் சிலிக்கா மிஞ்சி நின்றால் அலுமினா அதோடு சேர்ந்து வேறு கனிமமாகிவிடும், தனியே நிற்காது. நம் ரீஃபோ, தங்கம் ஓடும் அந்தப் பாறைப் பட்டை, முழுக்க வெள்ளைக் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அங்கே நீலம் எப்படிப் பிறக்கும்? எனக்கே சந்தேகம் வந்து, பழைய பாடப் புத்தகத்தை இரண்டு முறை எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இவ்வளவு தெரிந்தவன் செய்ததைக் கேள். தொடக்கத்தில் ஜம்பு ஒரு பட்டை தீட்டிய கல்லைக் கொண்டுவந்து, எங்கே கிடைத்தது என்று சொல்லாமல், எடை மட்டும் பார்த்துத் தரச் சொன்னான். காற்றில் நிறுத்தேன், நீரில் நிறுத்தேன். அடர்த்தி நான்கு வந்தது. நீலக்கல்லுக்கும் நான்குதான். ஈயம் கலந்த கண்ணாடிக்கும் நான்கு வரலாம். கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். "பாலிஷ் போயிடும் சார், கீறாதீங்க" என்றான். சரி என்றுவிட்டேன். நிறம், எடை, அடர்த்தி எழுதி, பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்திட்டேன். உறுதியில்லாததை எழுதாமல் விடுவது அஸே ஆபீஸில் ரிப்போர்ட் எழுதிய நாற்பது வருஷப் பழக்கம்.

காலிக் கட்டத்தில் நீலக்கல் என்று அவனே நிரப்பிக்கொண்டான். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கடைச் சுவரில் அந்தத் தாளை லேமினேட் செய்து மாட்டியிருந்ததை நானே பார்த்தேன். உள்ளே போகவில்லை. வீட்டுக்கு வந்து, யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது என்று ஒரு பட்டியல் போட்டேன். பட்டியல் போட்டதிலேயே ஒரு மாதம் போயிற்று.

அந்த மாதத்தில்தான் உன் மகள் கமலா ஜம்புவுக்குக் கல் பட்டை தீட்டும் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். போன வியாழக்கிழமை கோரமண்டல் குடியிருப்பில் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் சாணைச் சக்கரம். சோற்றுப் பானை மூடி மேல் நீலச் சாம்பலாய்த் தூசி. பக்கத்தில் அவள் மருமகள் செல்வி, ஐந்து மாதக் கர்ப்பிணி, முந்தானையால் கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தச் சொன்னேன். கமலா சிரித்தாள். "இன்னா மாமா, நீங்களே கையெழுத்து போட்டுட்டு நீங்களே வேணாங்கிறீங்க?"

வாசலில் கிடந்த ஒரு வெள்ளைக் குவார்ட்ஸை எடுத்து வந்து கல்லின் மேல் இழுத்தேன். கோடு விழுந்தது. உண்மையான நீலமாக இருந்தால் குவார்ட்ஸ்தான் தேய்ந்திருக்கும்.

"அப்போ இது இன்னா கல்லு?"

"கல்லே இல்லம்மா. ஈயம் கலந்த ஸ்லாக், உருக்கின கசடு."

அந்தக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு, "அப்பா மயிலு வாந்தின்னு சொல்லுமே, அதுவா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். அவள் செல்வியின் கையைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஈயத்தூசி வயிற்றுப் பிள்ளைவரை போகும் என்று தொட்டியருகே நின்று சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அங்கிருந்தே ஜம்புவிடம் போய்த் தாளைத் திருப்பிக் கேட்டேன். வாழ்க்கையில் ஒருவனிடம் நானாகப் போய்ச் சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. சண்டை என்று சொல்வதுகூட அதிகம். அவன் நாற்காலி எல்லாம் போட்டான்.

"பெரியவரே, நீங்க எழுதினதுல ஒரு நம்பராவது தப்பா கீதா? சொல்லுங்க."

இல்லை, மச்சான். ஒன்றுகூடத் தப்பில்லை. அதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. பொய் சொல்லாமலே ஒரு பொய்க்குத் துணை போக முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று? தெரிந்துதான் இருந்தேனோ?

தாளை அவன் தரவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன், படிப்பவர்கள் படிக்கட்டும். கோலார் நீலம் என்பது ஈயக் கசடு. வீட்டில் உடைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். என் கையெழுத்தை நம்ப வேண்டாம்.

கமலா சக்கரத்தை வெளியே வைத்துவிட்டாள், வீட்டை இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். செல்வி மட்டும் பயந்துபோய் யாரிடமும் பேசுவதில்லை. ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க பெங்களூர்தான் போக வேண்டுமாம். திங்கட்கிழமை காலை ரயிலில் மூன்று பேரும் போகிறோம். ரிசல்ட் தாளை நானே வாங்குவேன். எண்ணை மட்டும் படித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று டாக்டரிடம் கேட்டு, நல்லதோ கெட்டதோ, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

உன் தங்கையைக் கட்டியவன்,
சபாபதி