"உனக்கு வராதுலே" என்று சொன்ன வாய்

என் செல்லப் பாவி சஜினுக்கு,

உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். செத்தவனைத் திட்டக் கூடாது என்று எங்கள் கடலோரக் கடப்புறத்தில் சொல்வார்கள். அதெல்லாம் ஒழுங்காகச் செத்தவர்களுக்கு. நீ செத்த விதத்துக்கு உன்னைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்?

நீ போனதை எனக்கு யார் சொன்னார்கள் தெரியுமா? வடசேரி பஸ் ஸ்டாண்டுச் சுவர். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்கிறேன், கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். அதற்குள் அடக்கம் முடிந்து இரண்டு நாள். ஏழு வருடம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு ஒரு போன் செய்ய நாதியில்லை. யார் செய்வார்கள்? நான் உனக்கு யார் என்று உன் வீட்டில் ஒருவருக்கும் தெரியாதே.

மாதம் ஒரு தடவை நாகர்கோவிலில் கூட்டு மருந்து வாங்குகிற வரிசையில் கிடைத்த உறவு நம்முடையது. எனக்கு எச்.ஐ.வி.யைக் கொடுத்துவிட்டு என் மாப்பிள்ளை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார். உனக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. கடியப்பட்டணத்து மீன்காரிக்கும் குலசேகரத்து ரப்பர் கடைக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? ஒருநாள் உன் ஊர்க்காரன் ஒருவன் நம்மைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "இவிய ஆரு?" என்று கேட்டதும், "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டாய். பிறகு முழித்துக்கொண்டு, "அக்கா மாதிரி. வீட்டுக்கு மீனு தருவாவ" என்று மழுப்பினாய். பயந்தாங்கொள்ளி!

மருந்து கொடுக்கிற இடத்து ஆலோசகர் பிள்ளை எவ்வளவு பொறுமையாகச் சொன்னாள். "முந்தி எல்லாருக்கும் சின்ன வயசுலயே காமாலை வந்து போயிரும். பாதிப் பேருக்கு வந்ததே தெரியாது. பிறகு ஆயுசுக்கும் வராது. இப்பம் அப்படி இல்ல. நல்ல தண்ணி குடிச்சு வளந்தவங்களுக்கு அந்த எதிர்ப்பே இல்ல. பெரிய ஆளானப்புறம் வந்தா ஈரலை அடிச்சிரும். நம்ம ஆளுக கட்டாயம் பாக்கணும். ரத்தம் குடுத்துப் பாருங்க, எதிர்ப்பு இல்லேன்னா ஊசி இருக்கு." ஹெபடைட்டிஸ் ஏ என்று சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "கொளத்து வெள்ளமும் குடிச்சு, மீன் கழுவுன கையோட சோறும் தின்னு வளந்த நமக்குக் காமாலையா? எட்டு வயசுலயே மஞ்சளாக் கெடந்து எழும்பினவளாக்கும் நான். ஒனக்கு வராதுலே மக்கா, போ!" வரிசையே சிரித்தது. நீயும் சிரித்துவிட்டு, சீட்டை மடித்துப் பையில் போட்டாய்.

நமக்கு என்று உன்னையும் சேர்த்துக்கொண்டேனே, நீ எந்தக் குளத்துத் தண்ணீரைக் குடித்தாய்? எனக்கு ஐம்பத்து மூன்று, உனக்கு முப்பது. உன் அப்பா துபாயில் சம்பாதித்துக் கட்டிய வீட்டில், அம்மா கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு எதுவும் உன் தொண்டையில் இறங்கியதில்லை. மருந்து வாங்க வரும்போதுகூடப் பாட்டிலோடு வருவாய். "ராசாவுக்கு வீட்டுத் தண்ணிதான் எறங்குமோ?" என்று அதற்கும் கேலி செய்தவள் நான். தெரிந்தும் யோசிக்காத மூதேவி.

பிறகு ஒருநாள் காலையில் போன் செய்தாய். "அக்கா, கண்ணு மஞ்சளா இருக்கு. அம்ம நாட்டு மருந்து வாங்கியாந்திருக்கா. உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, இங்கிலீஷ் மாத்திரை ஒண்ணுமே கூடாதாம்."

"அப்ப நம்ம மாத்திரை?"

"அம்ம பக்கத்துலயே இருக்கா. எப்படித் தின்ன?"

"நாட்டு மருந்தும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போலே!"

"போனா ரத்தம் எடுப்பானுவ. எல்லாம் வெளிய வந்திரும் அக்கா."

கேட்டியா, இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஈரல் வெந்துகொண்டிருக்கும்போது உனக்கு மானம் பெரிதாகப் போயிற்று. நினைவு தப்பிப் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் தூக்கிக்கொண்டு போனார்களாம். அதுவரை என்னலே செய்துகொண்டிருந்தாய்? சரி, நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பஸ் ஏறி வந்து உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். "நீ யாரு?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து வீட்டிலேயே இருந்தேன். நானும் பயந்தாங்கொள்ளிதான்.

பதினாறாம் நாளுக்கு உன் வீட்டுக்கு வந்தேன். மீன்காரி என்று சொல்லிக்கொண்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்து அழுதாள். "சின்னதுலேருந்தே கொதிக்க வச்சுத் தெளப்பிக்காத வெள்ளம் ஒரு சொட்டு குடுத்ததில்ல பிள்ளே. செத்துப்போறதுக்கு ஒரு மாசம் முன்ன கல்யாண வீட்டுக்குப் போனோம். அங்கயும் சீரக வெள்ளம்தான் குடிச்சான், பாத்துட்டே இருந்தேன்."

அப்போதுதான் பந்தலுக்குப் பின்னால் பார்த்தேன். அண்டாவில் சீரக வெள்ளம் ஆவி பறக்கக் கொதித்துக் கிடந்தது. ஆட்களை இலையில் உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவு சூட்டில் குடிக்க முடியாது. பரிமாறுகிறவன் கிணற்றிலிருந்து ஒரு வாளி பச்சை வெள்ளத்தைக் கோரி, அப்படியே அண்டாவில் ஊற்றிக் கலக்கினான். மஞ்சள் நிறம் இருக்கிறது, கைக்கு இளஞ்சூடு இருக்கிறது, யார் சந்தேகப்படுவார்கள்? நம் ஊர் விருந்தில் இதைப் பார்க்காதவர் உண்டா?

"கொட்டுலே அத!" என்று கத்தினேன்.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான் ஊத்துதோம். நீ யாரு கேக்க?" என்றான்.

காலால் அண்டாவைச் சரித்துவிட்டேன். பந்தல் முழுக்க எழுந்து நின்றது. உன் அம்மா அண்டாவைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண வீட்டிலும் இப்படித்தான் கலந்திருப்பார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது சஜின். அவள் புரியாமலே இருந்திருக்கலாம். அதைக்கூட நான் விடவில்லை.

கிளம்பும்போது உள்ளே கூப்பிட்டு ஒரு டப்பாவைக் காட்டினாள். "அவன் அலமாரில இருந்து. இது என்ன மாத்திரைன்னு தெரியுமா?"

"சத்து மாத்திரைதான்" என்றேன். உன் மானத்தைக் காப்பாற்றியாயிற்று, திருப்திதானே?

மறுவாரம் போய் என் ரத்தத்தைக் கொடுத்தேன். எனக்கு எதிர்ப்பு இருக்கிறதாம். ஊசி தேவையில்லையாம். நான் சொன்னது என் மட்டுக்கு முழுக்க உண்மை. அந்தத் தாளை வாங்கிக்கொண்டு ரோட்டில் நின்று ஓவென்று அழுதேன்.

இன்றைக்கு மருந்து நாள். ஆலோசகர் அதையே சொன்னாள். இருபத்தைந்து வயது இருக்கும் ஒருத்தி, "அதெல்லாம் எனக்கு வராது மேடம்" என்று சிரித்தாள்.

"சிரிக்காத ஏட்டி" என்றேன். "இங்க உக்காந்து இப்படிச் சிரிச்சுத்தான் என் தம்பி செத்தான். சிரிக்க வச்சவ நான்."

அவள் முகம் செத்துவிட்டது. "கூடப் பொறந்த தம்பியா அக்கா?"

"ஆமா" என்றேன். முழு வரிசையும் கேட்கத்தான் சொன்னேன். பிறகு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். ஊசி போட வேண்டி வந்தால் அதற்கும் நானே கூட்டிப் போவேன்.

இனி மாதாமாதம் இதுதான் என் சோலி. என் வாய் செய்ததை அந்த வரிசையில் நின்று என் வாயாலேயே சொல்வேன். எவன் சிரித்தாலும் விடமாட்டேன், இது சத்தியம். ஒருநாள் நீ போன இடத்துக்கு நானும் வருவேன் அல்லவா, அன்றைக்கு உன் கன்னத்தில் ஒன்று வைப்பேன், தயாராக இரு. அடுத்த அடியை நீ எனக்குத் தர வேண்டும். அக்கா என்று பார்த்து, கையை ஓங்காமல் இருந்துவிடாதே.

உன் கூடப் பிறந்தவள்,
செலின் அக்கா