பாதி அணைந்த கம்பு

சனிக்கிழமை, இரவு

தங்கை கயல் தானே செய்த விளக்குச் சிலம்பக் கம்பை இன்று தெப்பக்குளத் திடல் மேடையில் முதன்முறையாகச் சுற்றினாள். பிளாஸ்டிக் குழாய்க்குள் எல்இடி பட்டையும் பேட்டரியும் பொருத்தி, நிறங்கள் மாற புரோகிராம் எழுதியதும் அவள்தான். ‘இதெல்லாம் சிலம்பமா?’ என்று சிரித்தவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். சுற்றச் சுற்றக் காற்றில் மயில்தோகை விரிந்தது. திடீரென்று கம்பின் ஒரு பாதி அணைந்துவிட்டது. அவள் நிறுத்தவில்லை. அணைந்த பாதியைப் பிடித்துக்கொண்டு, எரியும் பாதியை வாள்போல வீசினாள். அதுவும் ஆட்டம்தான் என்று எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

இறங்கி வந்தவளிடம், “எப்புடித்தா சமாளிச்ச?” என்றேன்.

“பாதி எரிஞ்சுச்சுல்லண்ணே, இம்புட்டு வெளிச்சம் போதாதா? உள்ள ஒரு வயரு விட்டுப்போச்சு.”

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் அதற்குள் கம்பின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.