தொப்பிப் பட்டை

1957 டிசம்பர் 1, ஞாயிறு

என் அம்மாவைப் பார்க்க அவள் வீட்டுக்குக் கிளம்பினால் போதும், என் புருஷன் கிளெமுக்கு நெஞ்சு வலி வந்துவிடும். இன்றைக்கும் கேட்டைத் தாண்டுவதற்குள் வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ மெர்ல். நெஞ்சு மேல யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கு."

"எங்கம்மா இன்னும் வீட்ட விட்டே கெளம்பலியே. அதுக்குள்ள எப்படி ஏறி உட்கார்ந்தாங்க?" என்றேன். தனியாகப் போனேன்.

டிசம்பர் 3

வெடிமருந்து ஆலையில் கலவைக் கொட்டகையில் நாளெல்லாம் நிற்கிறாரே, அங்கே ஏன் வலிப்பதில்லை? ஆலை டாக்டர் இன்று பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஞாயித்துக்கிழமை மட்டும் வர்ற வலிக்கு மாமியாரத்தான்யா மாத்தணும்." கொட்டகையே சிரித்ததாம். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

டிசம்பர் 20

கிறிஸ்துமஸுக்கு ஆலை மூன்று வாரம் மூடல்.

விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பினால் எல்லாருக்கும் தலைவலி மண்டையைப் பிளக்குமாம். உடம்புக்கு அந்த வெடிமருந்துச் சரக்கு மறந்துவிடக் கூடாதென்று தொப்பியின் உள்பட்டையில் கொஞ்சம் மருந்துக் களியைத் தடவிக்கொண்டு வருவார்கள். இவர் அந்தத் தொப்பியைச் சாப்பாட்டு மேசையில் கூடக் கழற்றுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் எனக்குத் தலை தெறிக்கிறது.

டிசம்பர் 22

அவர் தூங்கும்போது தொப்பியை எடுத்துச் சோடா போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டேன். பண்டிகையன்று கோயிலுக்காவது மனுஷனாக வரட்டும்.

துணிக்கொடியில் தொப்பியைப் பார்த்தவர் கத்தவில்லை. "அது இருந்தா மூச்சு வாங்காது மெர்ல். இப்ப என்ன பண்ணுவேன்?" என்றார்.

"மூணு வாரம் எங்கம்மாவப் பார்த்துக்கிட்டு இரு" என்றேன்.

டிசம்பர் 25

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில்தான், வெயில் கொளுத்துகிறது. ஆட்டு இறைச்சியை வெட்டக் கத்தியை எடுத்தவர் அப்படியே மேசையில் சாய்ந்தார். முகம் சாம்பல். விருந்துக்கு வந்திருந்த அம்மா, "ஆரம்பிச்சிட்டார்" என்றாள். நான் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நகமெல்லாம் நீலம் பாய்ந்திருந்தது.

டிசம்பர் 26

ஆலை டாக்டர் கடற்கரைக்குப் போய்விட்டார். கடைவீதிக் கிழட்டு டாக்டர் ஹார்வுட்தான் வந்தார். நாக்குக்கு அடியில் பொடி மாத்திரை ஒன்றை வைத்தார். கடிகாரத்தைப் பார்ப்பதற்குள் முகத்தில் ரத்தம் ஊறியது.

"என்ன மாத்திரை டாக்டர்?"

"உன் புருஷன் கலக்குற அதே சரக்குதான்மா, துளியூண்டு. ரத்தக் குழாயத் தளர்த்தி விடும். நெஞ்சுக்கு வந்து சேர்ற ரத்தம் கொறையும், பாரம் கொறையும், வலி போகும். தினமும் தோல் வழியா ஏறிப் பழகிடுச்சு. திடீர்னு நிறுத்தினா குழாய் இறுக்கிப் பிடிச்சிடும்."

அப்போ வேலையில்லாத ஞாயித்துக்கிழமை வர்ற வலி? நிஜமா? எல்லா ஞாயித்துக்கிழமையுமா?

கிளெம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தொப்பி சுத்தமா இருக்கு டாக்டர். இவ தொவைச்சா." டாக்டர் வைத்த மாத்திரைப் புட்டியை நான் எடுக்கப் போனேன். "உன் கையால வேணாம்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிசம்பர் 28

இரண்டு நாளாகப் பேச்சில்லை. சோற்றை வைத்தால் தின்கிறார். மன்னிச்சிடுன்னு நான் ஏன் சொல்லணும்? ஊரே சிரிச்சப்போ இவர் ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலை?

டிசம்பர் 29, ஞாயிறு

கோழிக் கொட்டிலிலிருந்து "மெர்ல்" என்றார். போகவில்லை. என் கை வேண்டாம் என்ற வாய்தானே. இரண்டாவது தடவையும் கேட்டது. இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும் என்று தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

கூப்பிடவில்லை.

அவர் சட்டை வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது, புட்டி அதன் பையில். ஓடிப்போய் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். கரையவில்லை. வாய் காய்ந்திருந்தது. வைத்துக்கொண்டே இருந்தேன்.

1958 ஜனவரி 13

விதவைகளுக்கு ஆலை வேலை தருகிறது. வெடிக்குச்சிக்குக் காகிதம் சுற்றும் கொட்டகையில் சேர்ந்தேன். முதல் நாளே மண்டை பிளந்தது.

மார்ச் 1, சனி

ஆறு வாரமாக வார நாளெல்லாம் சுகம். ஞாயிறு வந்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்கிறார்கள். ஆலை டாக்டரிடம் சொன்னேன். "இப்ப யாரம்மா மாமியார்?" என்று சிரித்தார்.

நேற்று ஆலையை விட்டு வெளியே வரும்போது தலைத்துணியின் ஓரத்தில் கொஞ்சம் களியைத் தடவிக்கொண்டு வந்தேன். கட்டிலில் தலைமாட்டில் கிடக்கிறது, நாற்றம் அடிக்கிறது. அடிக்கட்டும். எடுத்துத் துவைக்க வீட்டில் யாரும் இல்லை.