உப்புப் போட்ட கிண்ணம் என்னுது

என்னங்க,

நீங்க தூங்குறீங்க, எழுப்பலை. எழுப்பினா நேத்து விட்ட இடத்துலேர்ந்து சண்டை ஆரம்பிக்கும். எனக்கு வீட்டுல இருப்பே கொள்ளலை. காளிகாட் கோயில் வரைக்கும் போறேன்.

பி.பி. உங்களுக்குத்தான். ஆனா தனியா சமைச்சா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு நானும் ரெண்டு மாசமா உப்பில்லாம சாப்பிட்டேன். தலைசுத்தல், எதுக்கெடுத்தாலும் எரிச்சல். "இந்த வேர்வையில உங்களை யாரும்மா உப்பை விடச் சொன்னது?"ன்னு டாக்டர் நேத்து திட்டினார்.

திரும்பி வர்றப்போ மெட்ரோ வாசல்ல, உப்பும் காரமுமா பொரி கலக்குற ஜால்முரிக்காரன் கேக்குறான், "தாதா இன்னைக்கு வரலையா?"ன்னு. அவனுக்கு நீங்க அண்ணன், தாதா! தினம் ஒரு பொட்டலமாமே! அப்புறமும் சாம்பார் சப்புனு இருக்குன்னு தட்டைத் தள்ளினா, கத்தாம என்ன பண்ணுவேன்?

ரசம் அடுப்பு மேல. சின்னக் கிண்ணத்துல இருக்கறது என்னுது, உப்புப் போட்டது. தொடாதீங்க.

அகிலா

மாத்திரை சொம்பு பக்கத்துல இருக்கு. மறக்காதீங்க.

சாவியை எதிர் வீட்டு வங்காளி அக்கா, பௌதிகிட்ட கொடுத்துட்டுக் கிளம்புங்க. எங்கேன்னா, முரிக்காரன்கிட்டதான். உங்க பி.பி.யைப் பத்தி அவன்கிட்ட சொல்லிட்டேன், இனிமே உங்களுக்கு உப்பில்லாமதான் கலப்பான். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்க நிப்பேன். எனக்கு நல்லா உப்புப் போட்டு ஒண்ணு வாங்கித் தாங்க.